இறால் பிடிக்கப் பெரிய விளக்கு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்பாலத்தில் இரவு மீன்பிடிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூண்டில் பற்றிய பகுதி அருமை. ஆனால் இறால் விஷயத்தில், வெளிச்சம் கூடக்கூட இறாலும் கூடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அதை நம்பி நாலு பேர் பெரிய பெரிய விளக்குகளோடு வந்துவிட்டால் அவர்களுக்கும் வலை நிறையாது, பக்கத்தில் தூண்டில் போட்டிருப்பவரின் இரவும் கெட்டுவிடும்.

பல வகை இறால்கள் பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டிய பிறகுதான் இரை தேடி வெளியே வரும். கழிமுகத்தில் வளர்ந்தவை கடலுக்குத் திரும்புவதும் பெரும்பாலும் இரவில், வற்றும் நீரோடுதான். அதனால்தான் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வேகமாக வற்றும்போது பாலத்துத் தூண்களைச் சுற்றி இறால் நன்றாக ஓடும். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். நேற்று நிறையக் கிடைத்த அதே நேரத்துக்கு இன்று வந்து நின்று ஏமாந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். இறாலின் கண்ணில், விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள், கலங்காத தண்ணீராக இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கங்குகள் மினுங்கும். வந்த திசையிலேயே ஒளி திரும்புவதால், விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இது தெரியும். எங்கோ தள்ளிக் கட்டிய பெரிய விளக்கில் தண்ணீரின் மேல்தளம் பளபளக்கிறதே தவிர, அந்தக் கண்கள் தெரிவதில்லை.

கண்ணைப் பார்த்தாயிற்று, சரி, அப்புறம் அவசரப்படக் கூடாது. மிரண்ட இறால் வாலைச் சுருட்டி அடித்துப் பின்பக்கமாகப் பாயும். நீளக் கைப்பிடி வலையை அதன் வாலுக்குப் பின்னால் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு முன்பக்கம் கொஞ்சம் அசைத்தால் போதும், தானே வலைக்குள் வந்து விழும். முகத்துக்கு நேரே வலையை வீசுகிறவருக்குத் தண்ணீர்தான் மிஞ்சும்.

தூண்டில்காரருக்கும் இதில் பங்கு உண்டு. அசையாமல் எரியும் விளக்கடியில் மிதவை உயிரிகள் சேரும், அவற்றைத் தேடிப் பொடிமீன் வரும். அதைக் குறிவைத்துப் பெரிய மீன் வெளிச்சத்தின் ஓரத்தில், இருட்டுக்குள் காத்து நிற்கும். யாராவது டார்ச்சை அங்கேயும் இங்கேயும் வீசினால் பொடிமீன் கூட்டம் சிதறிவிடும். பொதுப் பாலத்தில் இரவெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம், இந்த ஒரு விஷயத்தில் நாம் எல்லோரும் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும்.

தூண்டிலில் கட்டும் தங்கூஸ் (நைலான்) நரம்பைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. அறுந்த நரம்பை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது லேசில் மக்காது, கடற்பறவைகளின் காலைச் சுற்றி இறுக்கிவிடும். அதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. சுருட்டிப் பைக்குள் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

வெளிச்சம் பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வலையோடு முதல்முறை பாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்