மாஸ்டர் போனால் ருசியும் போகலாமா?

ஆசிரியருக்கு,

சேமிப்பைப் போட்டுச் சிற்றுண்டிக் கடை திறக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். முதல் பணம் பெயர்ப் பலகைக்கும் அலங்கார விளக்குக்கும் போகிறது. அடுப்படியில் நிற்கப்போகிறவர்களைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வருகிறது.

தொடங்க இட்லி, வடை, இரண்டு சட்னி, சாம்பார் போதும். 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உளுந்து போட்டால் சுமாரான அளவில் 200 இட்லிக்கு மேல் தேறும். சித்திரையில் கிரைண்டர் சூடேறினால் மாவு சீக்கிரம் புளித்துவிடும். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்ட வேண்டும். அந்த வெயிலில் 7, 8 மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் 12 மணி நேரம் கேட்கும். மாலைக்கான மாவை ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்காவிட்டால் சாயங்கால இட்லி புளிக்கும். வடை எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அளக்கக் கருவி இல்லாத கடையில், நுரை கட்டிக் கறுத்தாலே கழித்துவிட வேண்டும். பழையதோடு கலந்தால் புது எண்ணெயும் கெடும்.

இந்த அளவுகளை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். மாஸ்டர் மனதில் மட்டும் இருந்தால், அவர் விலகும் நாளில் ருசியும் விலகும். பெரிய முன்பணம் கொடுத்து அவரைக் கட்டிப்போட நினைப்பது வீண். அடுத்த கடைக்காரர் அதை அடைத்து அழைத்துக்கொள்வார். வாரக் கூலியைத் தேதி தவறாமல் கொடுங்கள். வார விடுப்பு கட்டாயம். கூட்டமில்லாத 3 மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவரைத் தோசைக்கல்லில் நிறுத்திப் பழக்கினால், மாஸ்டர் விடுப்பு எடுக்கும் நாளிலும் கல் சும்மா கிடக்காது.

காலையும் இரவும் திறக்கும் ஆசைதான் ஆளை விரட்டுகிறது. காலை 5 முதல் 11 வரை, மறுபடி 4 முதல் 10 வரை என்றால் நடுவே ஓய்வு என்பது பெயருக்குத்தான். காய் நறுக்குவதும் மாவாட்டுவதும் அப்போதுதான் நடக்கும். இரண்டாவது குழுவுக்குக் கூலி கொடுக்க முடிகிற வரை இரவுக் கடை வேண்டாம். ஊழியர் சாப்பாடும் வாடிக்கையாளருக்குப் போகும் அதே பாத்திரத்திலிருந்து வரட்டும். சாம்பாரில் உப்பு கூடியதை முதலில் சொல்பவர் சப்ளையராகத்தான் இருப்பார்.

வாடகைக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று நாள் விற்பனையில் மாத வாடகை அடைய வேண்டும். ஐந்து நாள் ஆகும் என்றால், சாலைச் சந்திப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். தள்ளுவண்டியில் தொடங்குவோர் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி உள்ளாட்சியில் விற்பனைச் சான்றிதழ் கேட்டு வாங்கி, வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

சிறு உணவகம் நடத்துவோர் சிலர்,
மதுரை