கரஸ்ல படிப்பவர்கள் கையிலும் பியூரெட்டைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்மிஷன் நேரம் வந்தால் கரஸ்ல, அதாவது அஞ்சல் வழியில், படித்தால் வேலை கிடைக்குமா என்று எல்லாப் பத்திரிகையிலும் எழுதுகிறார்கள், உங்கள் பத்திரிகையும் சேர்த்துத்தான். யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள் என்பதோடு எல்லாக் கட்டுரையும் முடிந்துவிடும். நல்ல ஆலோசனைதான், அங்கீகாரம் இல்லாத இடத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய. ஆனால் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மாதிரி லேப் உள்ள படிப்புக்கு இது பாதிக் கதை. மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நானும் கரஸ்ல கெமிஸ்ட்ரி படித்தவன், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் 14 வருடமாக இருக்கிறேன், லேபுக்கு ஆள் எடுக்கும்போது இன்டர்வியூ நடத்துகிறவனும் இப்போது நான்தான்.

எங்கள் இன்டர்வியூ பெரிதாக ஒன்றும் இல்லை. போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்து, இதன் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) என்ன, பார்த்துச் சொல் என்போம். சாயப்பட்டறையில் அதுதான் அரிச்சுவடி. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடினால் துணியில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும், அப்புறம் ஒரு லாட்டே ரிஜெக்ட். போன மாதம் ஒரு பையன் வந்தான், கரஸ்ல பி.எஸ்சி., 78 சதவீதம். எரியோக்ரோம் பிளாக் டி என்கிற நிறங்காட்டியைப் போட்டால் ஒயின் சிவப்பு, இ.டி.டி.ஏ. கரைசலை விட விட நீலமாக மாறும், பஃபர் ஊற்றி பி.எச். 10-இல் வைக்க வேண்டும் என்று கடகடவென்று ஒப்பித்தான். கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற கண்ணாடிக் குழாய், அந்தப் பியூரெட்டைக் கொடுத்தோம். நுனியில் காற்றுக் குமிழி இருந்ததை அவன் பார்க்கவே இல்லை, திருகைத் திறந்த வேகத்தில் 5 மில்லி சர்ரென்று இறங்கி, சிவப்பு மாறுகிற இடத்தையெல்லாம் தாண்டி நீலமாகவே நின்றுவிட்டது. எத்தனை தடவை டைட்ரேஷன் செய்திருக்கிறாய் தம்பி என்று கேட்டேன். "எட்டுப் பேருக்கு ஒரு பியூரெட் சார், நான் ரீடிங் எழுதினேன்" என்றான்.

அவன் மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் அதே கதைதான். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பத்து நாள் பிராக்டிகல், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வருடத்துச் சோதனைகளை வரிசையாக ஓட்டினார்கள், ரெக்கார்டு நோட்டை எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து எழுதினோம், விடை இவ்வளவு வரும் என்று லேப் அட்டெண்டரே சொல்லிவிட்டார். நான் பிழைத்ததற்குக் காரணம் நேரம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடினார்கள் அல்லவா, அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடவே கூடாது, ஜீரோ டிஸ்சார்ஜ் என்று ஆகி, ஆர்.ஓ. சுத்திகரிப்பு, எவாப்பரேட்டர், உப்பு மீட்பு என ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொள்ள அப்போது விட்டார்கள். இன்று யார் விடுவார்கள்?

இதற்கு நேர் எதிராக ஒரு கதையும் எங்கள் லேபிலேயே இருக்கிறது. ஹெல்பராக ஒரு அக்கா, பிளஸ் டூ வரை சயின்ஸ் படித்தவர், ஐந்து வருடமாக ஷிப்டுக்கு இரண்டு தடவை ஹார்ட்னஸ் பார்க்கிறார். லேப் டிப்புக்கு, அதாவது சின்னத் துண்டில் சாயம் ஏற்றிப் பார்க்கும் மாதிரிச் சோதனைக்கு, 5 கிராம் துணி வெட்டி, சாயக் கரைசலை அவர் பிப்பெட்டில் எடுத்தால் மறுபடி சரிபார்க்கத் தேவையே இல்லை. டிகிரி இருந்தால்தான் அடுத்த கிரேடு என்பதால் கரஸ்ல கெமிஸ்ட்ரி சேர்ந்தார். பிராக்டிகலுக்காகச் சம்பளம் இல்லாத லீவு பத்து நாள், குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வெளியூர் ஹாஸ்டலில் தங்கி, அங்கே நாலு பேர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? இ.டி.டி.ஏ. முறையில் தண்ணீரின் ஹார்ட்னஸ் காண்பது எப்படி! இவர் தினம் தினம் செய்கிற வேலைக்கு அந்த மார்க் ஷீட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

தொலைநிலையிலும் ஆன்லைனிலும் வாங்கிய பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி அறிவித்தது. சந்தோஷம். ஆனால் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அஞ்சல் வழி இன்ஜினியரிங் பட்டங்களை ஏற்காதபோது, அந்தப் படிப்புக்குச் செய்முறைதான் முதுகெலும்பு என்றதே, அது பி.எஸ்சி.க்குப் பொருந்தாதா? டேட்டா சயன்ஸ் மாதிரி படிப்பு வேறு, அதற்கு லேப்டாப்பே லேப், சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த ஆன்லைன் பட்டப்படிப்பு அதனால்தான் எடுபட்டது. கெமிஸ்ட்ரியை மவுஸில் படிக்க முடியாது. பிரிட்டனில் ஓப்பன் யுனிவர்சிட்டி 1971-இல் பாடம் நடத்தத் தொடங்கியபோதே, சயின்ஸ் மாணவர்களுக்குச் சோதனைப் பெட்டியை வீட்டுக்கே அனுப்பினார்கள், அதில் கையடக்கமான பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப்கூட இருந்தது. நமக்கு வந்ததெல்லாம் புத்தகக் கட்டு. அதுவும் பாதி நாள் பரீட்சைக்குப் பிறகு.

நான் கேட்பது பெரிய செலவில்லை. எங்கள் ஊரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, இப்படி லேப் உள்ள கல்லூரி பெரும்பாலும் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. பத்து நாளை மொத்தமாக வைக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லேப்களைத் திறந்து, ஆளுக்கொரு பியூரெட் கொடுத்து, வருடம் முழுக்கப் பரவலாக நடத்தலாம். வேலைக்குப் போகிறவன் லீவு போடவும் வேண்டாம், ஒரு வாரம் தப்பினால் அடுத்த வாரம் வரலாம். லேப் அட்டெண்டருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு உண்டான படியைக் கொடுத்துவிட வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் முதல் மாதமே பூட்டு விழும்.

இன்னொன்று. சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று வாங்கிய லேபில் ஆடிட்டுக்கு வருகிறவர் யாருடைய மார்க் ஷீட்டோடும் திருப்தி அடைய மாட்டார், இந்தச் சோதனையைச் செய்ய இந்த ஆளுக்குத் திறன் இருக்கிறது என்று பார்த்து அனுமதி கொடுத்ததற்கான பதிவு எங்கே என்று கேட்பார். அதே மாதிரி ஒரு தாளைப் பட்டத்தோடு கொடுத்தால் என்ன? எந்தச் சோதனை, தன் கையால் எத்தனை தடவை, பக்கத்தில் நின்று பார்த்தவர் யார், அவ்வளவு போதும். ஃபேக்டரி லேபில் செய்ததையும் பல்கலைக்கழகம் ஒரு நாள் ஆள் அனுப்பிச் சரிபார்த்து அதில் சேர்க்கலாம். முதலாளிகள் பொய்க் கையெழுத்துப் போடுவார்கள் என்பீர்கள், போடத்தான் போடுவார்கள், அதற்குத்தான் ஆள் அனுப்பச் சொல்கிறேன். எங்களுக்கும் 78 சதவீதத்தைவிட அந்த ஒரு தாள்தான் உதவும்.

அந்தப் பையனை எடுத்துக்கொண்டோம். பியூரெட் திருகை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் பிளாஸ்க்கைச் சுழற்ற அக்காதான் சொல்லிக் கொடுக்கிறார், மூன்று வாரத்தில் கை படிந்துவிட்டது. அக்காவுக்கு அடுத்த பிராக்டிகல் மே மாதம். பத்து நாள் லீவு கேட்டு அவர் எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது, இன்னும் மேலே அனுப்பவில்லை.

இப்படிக்கு,
சாயப்பட்டறை லேப் ஊழியர் ஒருவர்,
திருப்பூர்.