டெலிவரியில் நேர்ந்த தவறுக்கு என் கடைக்கு ஏன் ஒரு ஸ்டார்? இணையச் சந்தைகளுக்கு ஒரு திறந்த மடல்

இணையச் சந்தை நிறுவனங்களில் ரிவியூ, ரேட்டிங் பகுதியைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உடன்குடிப் பக்கம் பனையேறும் குடும்பங்களிடம் கருப்பட்டி வாங்கி உங்கள் தளங்கள் வழியாக விற்கிற சின்ன வியாபாரி நான். விற்பனையாளர்களுக்கென்று நீங்கள் வைத்திருக்கும் சாட் பெட்டியில் எப்படி எழுதினாலும், என்ன ஆதாரம் வைத்தாலும், "இந்த மதிப்புரை எங்கள் விதிகளை மீறவில்லை" என்ற ஒரே பதில்தான் திரும்பி வருகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் வெளியூருக்கு அனுப்பிய ஒரு பார்சல் வழியில் ஏதோ குடோனில் கிடந்து, நசுங்கி, நனைந்து, சொன்ன தேதியெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. வாங்கிய அம்மா ஒரு ஸ்டார் போட்டுவிட்டு, பெட்டி நனைந்திருக்கிறது, ரொம்ப லேட், கருப்பட்டி கையில் ஒட்டுகிறது, கலப்படம் என்று எழுதிவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய யாருக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தால் கோபம் வரத்தான் செய்யும். அவருக்குப் பணம் திரும்பப் போய்விட்டது. ஆனால் அந்தப் பார்சலை எடுத்துப் போனது நீங்கள் ஏற்பாடு செய்த கூரியர், அது கிடந்தது உங்கள் குடோன். எந்தக் கூரியரில் போகவேண்டும் என்று சொல்லும் உரிமைகூட எனக்குக் கிடையாது. எங்கே எவ்வளவு நேரம் கிடந்தது என்பதெல்லாம் உங்கள் டிராக்கிங்கிலேயே பதிவாகியிருக்கிறது. இத்தனையும் உங்கள் கையில் இருக்கும்போது, அந்த ஒரு ஸ்டார் மட்டும் ஏன் என் கடைப் பெயருக்குக் கீழே நிற்கிறது?

கலப்படம் என்று எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி எடுப்பது கருப்பட்டி. காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும், இளகும், ஒட்டும். அதன் இயல்பே அதுதான், அதிலும் பெட்டியே நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நிறமும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கொஞ்சம் மாறும். தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் பயன்படுத்துவோம், அடியில் கொஞ்சம் கசடு நிற்கத்தான் செய்யும். இதையெல்லாம் பொருளின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் ஏராளமாக இருப்பது உண்மை, வாங்குகிறவர் சந்தேகப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட சந்தையில் சீனி கலக்காமல் காய்ச்சித் தருகிறவர்களின் சரக்கின்மேல் அந்தப் பழியை ஒட்டிவிட்டு, விசாரிக்காமலே விட்டுவிடுவதுதான் எனக்கு வலிக்கிறது. 2023ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே எல்லோருக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிற மனிதருக்கு உங்கள் ரேட்டிங் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆர்டர் குறைந்தால் தேங்கி நிற்பது அவருடைய சரக்குதான், அப்புறம் மொத்த வியாபாரி சொல்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

ஒரே ஒரு ரிவியூவுக்கு இவ்வளவு புலம்பலா என்று நீங்கள் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கும் கடையில் ஒருவர் ஒரு ஸ்டார் போட்டால் சராசரி 5லிருந்து 4.8க்கு இறங்கிவிடும். அது 4.9க்கு ஏறவேண்டுமானால் இன்னும் பத்தொன்பது பேர் ஐந்து ஸ்டார் கொடுக்கவேண்டும். பொருள் பிடித்தவர்களில் பாதிப் பேர் ரிவியூ பக்கமே வருவதில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பணியாரம் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டாயிரம் ரிவியூ வைத்திருக்கும் பெரிய கடைக்கு அதே ஒரு ஸ்டார் விழுந்தால் சராசரி அசைவதுகூடத் தெரியாது. ஆக, உங்கள் தவறுக்கான அடி சிறியவர்கள் மேல்தான் பலமாக விழுகிறது.

செய்யமுடியாத எதையும் நான் கேட்கவில்லை. அமேசானில், கிடங்கையும் டெலிவரியையும் அந்த நிறுவனமே பார்த்துக்கொண்ட ஆர்டரில் டெலிவரி பற்றிய குறை விற்பனையாளர் மேல் விழுந்தால், அந்தக் கருத்தின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, பொறுப்பைத் தானே ஏற்று, ரேட்டிங் கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவர்களுக்கு என்ன தடை? ரிவியூ எழுதும் இடத்தில் பொருள் எப்படி, டெலிவரி எப்படி என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

2020ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, வாங்குகிறவர் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நல்ல விதி. கமிஷன் பிடித்துக்கொள்ளும்போது நாங்களும் உங்களை நம்பித்தானே இருக்கிறோம், அதே மரியாதையை எங்களுக்கும் கொடுங்கள். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. ரிவியூவை எப்படிச் சேகரிப்பது, எப்படிச் சரிபார்ப்பது, எப்படி வெளியிடுவது என்று அதில் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்றுதான் அதை அறிமுகப்படுத்தினார்கள். விருப்பம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

குறை சொல்லும் ரிவியூ எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை, அப்படி யாராவது கேட்டால் நானே எதிர்ப்பேன். எடை குறைந்தது, ருசி பிடிக்கவில்லை, சொன்ன சரக்கு வரவில்லை என்று வாங்கியவர் எழுதினால் அது அங்கே நிற்கவேண்டும், அதற்குக் கீழே பொறுமையாக ஒரே ஒரு பதில் எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பது என் கடமை. வாடிக்கையாளருக்கு விடாமல் போன் போட்டு ரிவியூவை எடுங்கள் என்று கெஞ்சுகிற, ரிவியூவை எடுத்தால் பணம் தருகிறேன் என்று பேரம் பேசுகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. ஐந்து ஸ்டார் ரிவியூ மொத்தமாக எழுதித் தருகிறோம் என்று எனக்கும் மெசேஜ் வருகிறது, தொட்டதில்லை. விற்பனையாளர் வாங்கியவர்போல நடித்து ரிவியூ எழுதக்கூடாது என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. ஆனால் முறையாக முறையிடுகிறவனுக்கு நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தால், அந்த மெசேஜுக்குப் பதில் போடும் ஆட்கள் கூடிக்கொண்டேதான் போவார்கள். அதில் கடைசியில் ஏமாறுவது வாங்குகிறவர்.

என் முறையீட்டில் ஆர்டர் எண், நான் பேக் செய்தபோது எடுத்த படம், வாங்கியவர் போட்ட நனைந்த பெட்டியின் படம் எல்லாம் இருக்கின்றன. கணினியிடம் விடாமல் உங்களில் ஒருவர் உட்கார்ந்து படியுங்கள். டிராக்கிங் பதிவைத் திறந்து பாருங்கள். டெலிவரியில் நடந்த தவறு என்று தெரிந்தால் அந்த ஒரு ஸ்டாரை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, தவறு எங்களுடையது என்று அந்த அம்மாவுக்கும் எழுதுங்கள். இல்லை, தவறு என்னுடையதுதான் என்று தோன்றினால், எதனால் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி