ரீகாவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளே,

நவம்பர் 11 சாயங்காலம் லாத்வியத் தலைநகர் ரீகாவின் கோட்டைச் சுவரோரம் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்திகள் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். தௌகவா ஆற்றுக் காற்றில் ஒன்று அணைந்தால், பக்கத்தில் நிற்பவர் அது யாருடையது என்று கேட்காமல் குனிந்து ஏற்றிவிட்டுப் போவார். அங்கே படிக்க வந்த முதல் வருஷம் நானும் அந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன். எதற்காக ஏற்றுகிறார்கள் என்று விசாரிக்கவில்லை. அந்தக் குறை இன்னும் மனதில் கிடக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

"இவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் ரஷ்யா பயம்தான்" என்று நம் பிள்ளைகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். 2023இல் லாத்வியா கட்டாய ராணுவப் பணியை மீண்டும் கொண்டுவந்தபோதும் அதே பேச்சுதான். அப்படிச் சொல்லும் முன் ஒரே ஒரு ராணுவ அதிகாரியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் பெயர் யானிஸ் பலோடிஸ். பலோடிஸ் என்றால் லாத்விய மொழியில் புறா. 1881இல் பிறந்தார். அப்போது லாத்வியா என்றொரு நாடே இல்லை, எல்லாம் ரஷ்யப் பேரரசு. வில்னியஸ் ராணுவப் பள்ளியில் படித்து, ஜாருடைய அதிகாரியாக ஜப்பான் போருக்குப் போனார். அப்புறம் முதல் உலகப் போர். 1915இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர் முடியும்வரை கைதிகள் முகாமில் இருந்தார்.

வெளியே வந்தபோது ஊர் வேறாக இருந்தது. 1918 நவம்பர் 18 அன்று லாத்வியா சுதந்திரம் அறிவித்திருந்தது, ஆனால் கையில் படை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கொஞ்சம் பேரைத் திரட்டி வைத்திருந்தவர் ஓஸ்கர்ஸ் கல்பாக்ஸ். 1919 மார்ச் 6 அன்று, தங்கள் பக்கம் நின்ற ஜெர்மானியப் பிரிவோடு தவறுதலாக நடந்த மோதலில் அவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வந்தவர் பலோடிஸ்.

அந்த அக்டோபரில் பெர்மாண்ட் என்பவரின் படை, பெரும்பாலும் ஜெர்மானியர், ரீகாவைத் தாக்கி ஆற்றின் இடது கரையைப் பிடித்துக்கொண்டது. இன்று நீங்கள் பாலம் தாண்டி வாடகை வீடு தேடுகிறீர்களே, அதே பார்தௌகவா. நடுவில் ஆறு, அக்கரையில் எதிரி, இக்கரையில் அரசாங்கம். பலோடிஸ் தலைமைத் தளபதியானார். ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்களின் பீரங்கிகளும் துணை நின்றன. நவம்பர் 11 அன்று இடது கரை மீண்டது. அந்த மெழுகுவர்த்திகள் அந்த நாளுக்குத்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று சோவியத் ரஷ்யா, இந்த மண்ணின் மேல் தனக்கு என்றென்றைக்கும் உரிமையில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

அவருடைய கறையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் அது மரியாதை ஆகாது. 1934 மே 15 இரவு, பிரதமர் கார்லிஸ் உல்மானிஸ் நாடாளுமன்றத்தை முடக்கியபோது, போர்த்துறை அமைச்சராக இருந்த பலோடிஸ் அவருக்குத் துணை நின்றார். கட்சிகள் தடை செய்யப்பட்டன, சமூக ஜனநாயகக் கட்சியினர் பலர் முகாமில் அடைக்கப்பட்டார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் 1940 ஜூன் 16 அன்று மாஸ்கோவின் இறுதி எச்சரிக்கை வந்தபோது, கூடி விவாதிக்க அந்த நாட்டில் ஒரு நாடாளுமன்றம் இல்லை. முந்தைய அக்டோபரில் 25,000 சோவியத் வீரர்களுக்குத் தளம் கொடுத்த உடன்படிக்கையும் மூடிய கதவுக்குள் முடிவானதுதான். ஏப்ரலில் உல்மானிஸ் பலோடிஸையே பதவியிலிருந்து நீக்கியிருந்தார்.

ஜூன் 17 அன்று டாங்கிகள் ரீகாவுக்குள் வந்தன. ஜூலை முடிவில் பலோடிஸும் மனைவியும் வோல்கா நதிக்கரை ஊரான சிஸ்ரானுக்கு அனுப்பப்பட்டார்கள். 1941இல் சிறை. அந்தக் கோடையில்தான் லித்தெனே முகாமில் லாத்விய அதிகாரிகளைப் பயிற்சி என்று அழைத்துக் கைது செய்தார்கள். சிலரைச் சுட்டார்கள், பலரை ஆர்க்டிக் குளிரில் நோரில்ஸ்குக்கு அனுப்பினார்கள். பிறகு ஜெர்மானியர் வந்தார்கள். ரும்புலா காட்டில் இரண்டே நாட்களில் சுமார் 25,000 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். லாத்வியர் சிலரும் அதற்குத் துணைபோனார்கள். 1944இல் மறுபடி சோவியத்தின் செம்படை.

இதெல்லாம் நடக்கும்போது பலோடிஸ் கம்பிகளுக்குப் பின்னால். மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள விளாதிமிர் சிறையில் எஸ்தோனியத் தளபதி லைடோனரும் இருந்தார். வில்னியஸில் அதே பள்ளியில் படித்தவர். லைடோனர் 1953இல் அங்கேயே இறந்தார். பலோடிஸ் 1956இல் ஊர் திரும்பினார். 75 வயது. அவர் கட்டிய ராணுவமும் இல்லை, கொடியும் இல்லை. கடலோர ஊரான சவுல்க்ராஸ்தியில் 1965இல் இறந்தார். கடைசி ரஷ்யத் துருப்புகள் லாத்வியாவை விட்டுப் போனது 1994 ஆகஸ்டில். உங்களுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியர்கள் பலர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் பயப்படுவது பழங்கதைக்கு அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜாபார்க் போகும் டிராமில் ஏறி, மேஜா கபி மயானத்தில் இறங்குங்கள். பைன் மரங்களுக்கு நடுவே அவர் கல்லறை இருக்கிறது. வாசலில் பூ விற்கிறவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். மூடி போட்ட மெழுகுவர்த்தியாக வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயும் காற்று அதிகம்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அங்கே படித்த ஓர் அக்கா