ஏழு நாள் முகாமில் ஒரு நாளை ஊர் வரைபடத்துக்குத் தாருங்கள்

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். ஊர் பார்த்து, தங்குவதற்குப் பள்ளிக்கூடம் கேட்டு, சமையலுக்கு ஆள் பிடித்தபின் நிகழ்ச்சி நிரல் எழுத உட்காருவீர்கள். அப்போது கை தானாக எழுதும் வரிகள் எனக்கும் மனப்பாடம்: கோயில் வளாகத் தூய்மை, மரக்கன்று நடுதல், சீமைக்கருவேலம் அகற்றுதல், விழிப்புணர்வுப் பேரணி, கண் பரிசோதனை. குறை சொல்லவில்லை, மாணவனாக இருந்தபோது அந்த மம்பட்டியைப் பிடித்தவன்தான் நானும். ஏழு நாளில் ஒரு நாளை மட்டும் கேட்கவே இந்த மடல்.

நீங்கள் தத்தெடுத்த கிராமத்தைக் கைப்பேசி வரைபடத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் இருக்கும், செல்போன் கடை இருக்கும். ஊருக்குள் போகப் போக வெறுமை. கண்மாய் நீலத் திட்டாகக் கிடக்கும், பெயர் இருக்காது.

சிவகங்கைப் பக்கம் ஒரு முகாமுக்குத் தன்னார்வலனாகப் போயிருந்தேன். மாணவிகள் நாலு பேர் அச்சிட்ட வரைபடத்தோடு ஒரு அப்பத்தாவிடம் நின்றார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, இதுல கலுங்கு எங்க இருக்கு?” என்றார். பிள்ளைகளுக்குக் கலுங்கு என்றால் என்னவென்றே தெரியவில்லை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம் என்று சொல்லி, கரை மேலேயே கூட்டிக்கொண்டு போனார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். குடிக்க ஓர் ஊருணி, குளிக்க இன்னொன்று. சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் தாளில் மூன்று மடைகளும், கலுங்கும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் பேனாவில் ஏறியிருந்தன. வரத்துக்காலின் நடுவில் ஒரு பெருக்கல் குறி. என்னம்மா என்றேன். “அங்க பிளாட் போட்டிருக்காங்க சார்.”

இதை ஏற்றுவதற்கான இடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த வரைபடத்தை, விக்கிப்பீடியா போலவே, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கூகுளில் ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். கூகுளின் மேப் மேக்கரில் 2008 முதல் நம் ஊர்க்காரர்கள் பலர் தெருத்தெருவாக வரைந்தார்கள். 2017 மார்ச்சில் நிறுவனம் அந்தக் கருவியை மூடிவிட்டது. போட்ட உழைப்பு நிறுவனத்தின் வரைபடத்தில் இருக்கிறது. வரைந்தவரே அந்தத் தரவை எடுத்து வேறெங்கும் பயன்படுத்த முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்ததை நாளை உங்கள் கல்லூரியோ ஊராட்சியோ மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், அதன்மேல் செயலி கட்டலாம். மூலத்தைச் சொன்னால் போதும். தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் பகிர வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்க ஒரு வரைபடம் சட்டென்று எழுந்தது இந்தத் தரவின் மேல்தான். தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அது நடந்தது.

தமிழ்ப் பெயருக்கென்று அதில் தனிக் கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகக் கிடப்பது அதுதான். ஆங்கிலத்தில் இருக்கிறதே, இயந்திரம் மாற்றிக்கொள்ளாதா என்றால், மாற்றும். kulam என்ற எழுத்துகளை வைத்து அது குளமா குலமா என்று அதற்கு எப்படித் தெரியும்? 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அவ்வளவு சண்டை போட்டோம். தமிழ்க் கட்டத்தை நிரப்ப யாருடைய ஆணையும் தேவையில்லை.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முந்தின நாள் இரவு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலைகளை வரைந்து, தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் பிங் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைய 2010 முதல் அனுமதி இருக்கிறது. கூகுள் வரைபடத்தைப் பார்த்து ஒரு பெயரைக்கூட எழுதக்கூடாது. அது பதிப்புரிமை மீறல், கண்டுபிடித்தால் அழித்துவிடுவார்கள். காலையில் நாலைந்து பேராகப் பிரிந்து நடக்க வேண்டியதுதான்.

நடப்பதில்தான் கவனம் வேண்டும். மாணவர்களை அவர்கள் போக்கில் விட்டால் நடை பெரிய தெருவிலும் கோயில் வாசலிலும் முடிந்துவிடும். அரசு ஆவணத்திலேயே ஊரும் காலனியும் தனித்தனி என்று இருந்துவந்தபோது பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன? முதல் அணியைக் காலனிக்கு அனுப்புங்கள். அங்குள்ள சந்தும் குழாயும் சுடுகாட்டுப் பாதையும்தான் எந்த வரைபடத்திலும் ஏறாதவை. ஒவ்வொரு அணியிலும் பெண்கள் இருக்கட்டும். இரவில் விளக்கில்லாத பாதை எது என்று ஊர்ப் பெண்கள் அவர்களிடம்தான் சொல்வார்கள். வீட்டுக்காரர் பெயர், கைப்பேசி எண் எதையும் பதிய வேண்டாம்.

சட்டச் சிக்கல் வருமோ என்று முதல்வர் கேட்டால்: 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வரைபடத் தரவு சேகரிக்க இந்தியர் முன்அனுமதி வாங்கத் தேவையில்லை. ஒரு மீட்டரைவிட நுணுக்கமான தரவுக்குத்தான் அது இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள். நம் கைப்பேசி ஜிபிஎஸ் அந்த அளவுக்கு வராது. பாதுகாப்பு நிலையங்கள் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, முகாம் பதாகையில் இந்திய வரைபடம் போடுவதானால் இந்திய நில அளவைத் துறையின் எல்லைக் கோட்டையே போடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் களநிலவரப்படி வரைவதால் வடக்கெல்லை அதில் வேறு மாதிரி இருக்கும். திறப்பு விழாவன்று அதற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசி நாள் நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில், அச்சிட்ட வரைபடம் ஒன்றை ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். மடைப் பெயர் தப்பென்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அவரையே உட்காரவைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

சொல்லித்தர ஆளில்லை என்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். பேருந்துக் காசு என்னுடையது. மதியச் சாப்பாடு மட்டும் முகாமில்.

அன்புடன்,
வரைபடத் தன்னார்வலன் ஒருவன்