ஹாரிஸ் நெக் நாரைகளும் ஐந்து வரிப் பாட்டும்

அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையில் ஹாரிஸ் நெக் கோப்பு யார் மேசையில் இருக்கிறதோ அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்காக ஜார்ஜியா மாநிலம் சவன்னாவில் தங்கியிருக்கிறேன். சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டி ஹாரிஸ் நெக்கில் இருக்கும் உங்கள் பறவைகள் சரணாலயத்துக்கு வந்தேன். உட்டி பாண்ட் குளத்தில் வூட் ஸ்டார்க் நாரைகள் மரம் கொள்ளாமல் கூடு கட்டியிருந்தன, எச்சம் விழுந்து இலையெல்லாம் வெள்ளை, ஒரே இரைச்சல். பறவைகளை நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் பழைய விமான ஓடுபாதைப் பக்கம் போனேன். வெடித்த தளத்தின் இடுக்கெல்லாம் புல். அங்கே நின்றுகொண்டு ஒரு பழைய ஒலிப்பதிவை போனில் கேட்டேன். அதையும், அதைப் பாடியவர்கள் இழந்த இந்த நிலத்தையும் பற்றித்தான் இந்த மடல்.

1930களின் தொடக்கத்தில் லாரன்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடலோரத் தீவுகளில் அலைந்தார். இங்கே வாழும் கறுப்பின மக்களான குல்லாக்கள் பேசுவது சிதைந்த ஆங்கிலம் என்றுதான் அன்றைக்குப் படித்தவர்கள் பலரும் நம்பினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து நெல் வயலிலும் பருத்திக் காட்டிலும் அடிமையாக வைத்திருந்த பல இனத்து மக்கள் தங்களுக்குள் பேசிப் பேசி வளர்த்த மொழி அது, அதில் ஆயிரக்கணக்கில் ஆப்பிரிக்கச் சொற்களும் பெயர்களும் உயிரோடு இருக்கின்றன என்று டர்னர் 1949இல் புத்தகமாகவே எழுதி நிலைநாட்டினார். பன்மையில் 'நீங்கள்' என்பதற்கு அவர்கள் 'ஊனா' என்பார்கள். நைஜீரியாவின் இக்போ மொழியில் அது 'உனு'. சாப்பிடுவது 'ந்யாம்'. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே 'ஈ'. பொழுது விடிவதை 'டே கிளீன்' என்கிறார்கள், இருட்டைக் கழுவி எடுத்த மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

அந்த அலைச்சலில் ஹாரிஸ் நெக்கில் அமேலியா டாலி என்ற பெண் டர்னருக்கு ஒரு பாட்டுப் பாடினார். ஐந்தே வரி. என்ன மொழி, என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது, வீட்டுப் பெரியவர்கள் பாடியதை அப்படியே வைத்திருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து படிக்க வந்திருந்த சாலமன் கோல்கர் என்ற மாணவர்தான் கேட்டுவிட்டு, இது எங்கள் ஊர் மெண்டே மொழி என்று சொன்னார். அதில் வரும் 'கம்பே' என்ற சொல்லுக்குப் புதைகுழி என்று பொருள். செத்தவரை வழியனுப்பப் பெண்கள் பாடும் பாட்டு, நம் ஒப்பாரி மாதிரி. பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் இதைச் சியரா லியோனில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டியபோது, செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் பைந்து ஜபாத்தி என்ற பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. இந்தப் பாட்டை விட்டுவிடாதே, தொலைந்துபோன சொந்தக்காரர்களை இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்று அவருடைய பாட்டி சொல்லி வைத்திருந்தாராம். 1997இல் அமேலியாவின் மகள் மேரி மோரன், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, அந்தக் கிராமத்துக்கே போய்ச் சேர்ந்தார். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்று ஆப்பிரிக்க மொழியில் காப்பாற்றி வைத்தவற்றில் இதுவரை தெரிந்த மிக நீளமான வரிகள் இந்த ஐந்துதான். எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சரி, அந்தப் பாட்டு இருந்த வீடு எங்கே? உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் மார்கரெட் ஆன் ஹாரிஸ் என்ற பண்ணை முதலாளியம்மா, அடிமையாக இருந்த ராபர்ட் டெலிகலுக்கு எழுதிக் கொடுத்த நிலம் இது. எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சிப்பி எடுத்து, நண்டு பிடித்து, விவசாயம் செய்து யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தன. 1942இல், இரண்டாம் உலகப் போர் நேரத்தில், விமானத்தளம் வேண்டும் என்று மத்திய அரசு வந்தது. காலி செய்ய இரண்டு வாரம் கொடுத்தார்கள். வெள்ளையருக்கு ஏக்கருக்கு 37 டாலர் 31 சென்ட், கறுப்பருக்கு 26 டாலர் 90 சென்ட். வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள். போர் முடிந்ததும் நிலம் திரும்பக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்ததாகக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. நிலம் மாவட்ட நிர்வாகத்துக்குப் போனது, பிறகு 1962இல் உங்களிடம் வந்தது. 1979இல் வாரிசுகள் இங்கேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தபோது சிலரைச் சிறையில் போட்டார்கள்.

பறவைகள் இருப்பதால் மனிதர்கள் குடியிருக்கக் கூடாது என்பதுதான் தடை என்றால், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கூந்தன்குளத்தை ஒருமுறை வந்து பாருங்கள். உங்கள் வூட் ஸ்டார்க்கின் நெருங்கிய சொந்தமான மஞ்சள்மூக்கு நாரை அங்கே ஊருக்குள்ளேயே, வீட்டுப் பின்பக்கத்து மரத்தில் கூடு கட்டுகிறது. கீழே பாத்திரம் விளக்குவார்கள், மேலே குஞ்சு கத்தும். தீபாவளிக்கு அந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் எடுத்து வளர்ப்பார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் நாரையா மனிதரா என்ற கேள்வி எனக்குப் புரியவே இல்லை. நாரைகளையும் காப்பாற்றிக்கொண்டே திரும்பி வருகிறோம் என்றுதான் ஹாரிஸ் நெக் வாரிசுகளும் கேட்கிறார்கள்.

முயலார் கதை, அவர்கள் சொல்லும் 'பஹ் ராபிட்', தன்னைவிடப் பெரிய மிருகங்களைச் சூட்சுமத்தால் ஜெயிக்கிற கதை, ஒரே திண்ணையில் தாத்தாவும் பேரனும் உட்கார்ந்தால்தான் அடுத்த வாய்க்குப் போகும். ஆளுக்கொரு ஊராகச் சிதறடித்துவிட்டு மொழியை அருங்காட்சியகத்தில் வைத்தால் யார் யாரிடம் 'ஊனா' என்று பேசுவார்கள்? இதே மெக்கின்டாஷ் மாவட்டத்தில் குல்லா மக்கள் வாழும் சாப்பலோ தீவிலும், ஒரு வீடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு 1,400 சதுர அடியாக இருந்ததை 2023இல் 3,000 ஆக்கினார்கள். பெரிய வீடு வந்தால் வரி ஏறும், வரி ஏறினால் பழைய குடும்பம் விற்றுவிட்டுப் போகும்.

நிலத்தைத் திருப்பிக் கொடுக்க உங்கள் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருக்கும் என்பது தெரியும். ஆனால் துறையே முன்வந்து, கொடுக்கலாம், எங்களுக்கு மறுப்பு இல்லை என்று ஒரு பரிந்துரை எழுதினால் அந்தச் சட்டத்துக்கு வழி பிறக்கும். எழுதுங்கள். 1942இல் வெளியேறிய பெரியவர்களில் இனி எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்று யோசித்து, சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சவன்னாவிலிருந்து ஒரு நாங்குநேரிக்காரன்