ஆண்ட்ராய்டு என்று மட்டும் சொன்னால் எப்படி?

அன்புள்ள நண்பா,

பெகுவில் மழை எப்படி? இங்கே ரங்கூனில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது காளியம்மனுக்குத்தான் தெரியும், கடையை பேட்டரியில்தான் ஓட்டுகிறேன். மற்றபடி எல்லோரும் நலம்.

"ஆண்ட்ராய்டில் பர்மிய எழுத்து உடைந்து உடைந்து வருகிறது, என்ன செய்ய" என்று கேட்டிருந்தாய். எந்த ஆண்ட்ராய்டுடா? 2019 அக்டோபர் 1-ல் நாடே யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாறியது என்றாலும் பழைய செய்திகளும் கோப்புகளும் இன்னும் ஜோஜி என்ற முந்தைய பர்மிய எழுத்துரு முறையில்தான் கிடக்கின்றன. இரண்டும் ஒரே குறியீட்டு எண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துகிறவை, அதனால் போனில் எந்த எழுத்துரு இருக்கிறதோ அதற்கேற்ப ஒன்று சரியாக வரும், மற்றது சிதறும். அந்த எழுத்துருவைச் சில போன்களில் கம்பெனிக்காரன் மேலே போர்த்தியிருக்கும் அடுக்குதான் தீர்மானிக்கிறது. அந்த அடுக்கின் பெயரும் எண்ணும் தெரியாமல் நான் எதைச் சொல்ல? போன வாரம் ஒருவர் "என்னுடையது 14" என்று அடித்துச் சொன்னார், பார்த்தால் ஷாவ்மி கம்பெனியின் மேலடுக்கான எம்ஐயுஐ 14, அதற்கு அடியில் இருந்தது ஆண்ட்ராய்டு 12. ஹுவாவே போன்களின் ஹார்மனி ஓஎஸ் கதை இன்னும் மோசம், பழைய பதிப்புகளில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடும், நெக்ஸ்ட் என்று வந்ததில் நேரடியாக ஓடாது, பெயர் மட்டும் ஒன்று.

கம்ப்யூட்டரிலும் இதே குழப்பம்தான்: விண்டோஸ் 11 கூட உள்ளுக்குள் தன்னை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்ளும், பில்டு எண் என்ற உள் பதிப்பு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் 11.

லினக்ஸ் என்று சொல்லாதே, குனு/லினக்ஸ் என்று சொல் என்று குனு மென்பொருள் திட்டத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் பல வருடமாகச் சண்டை போடுகிறார் அல்லவா, டீக்கடைப் பேச்சில் அதை இழுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். ஆனால் கடைப் பையன் "லினக்ஸில் ஓடவில்லை" என்று ஒரு மதியம் முழுக்க முட்டிக்கொண்டபோது பார்த்தால் அது ஆல்பைன் என்ற ஒரு வகை லினக்ஸ். அதில் நிரல்கள் ஓடத் தேவையான குனுவின் ஜிலிப்சி நூலகம் கிடையாது, மசில் என்ற வேறு நூலகம், உபுண்டு என்ற இன்னொரு வகை லினக்ஸில் கட்டிய நிரல் அங்கே திறக்கவே மறுத்தது. முதலிலேயே ஆல்பைன் என்று சொல்லியிருந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்திருக்கும். ஆண்ட்ராய்டுக்கு அடியிலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான் என்பதால், வெறும் லினக்ஸ் என்றால் உன் கைப்போனையும் சேர்த்துத்தான் சொல்கிறாய்.

சரி, செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பு, உடைந்த எழுத்து தெரியும் படம் ஒன்றும். அப்புறம், தங்கச்சி பையனுக்குப் பெண் பார்த்த விஷயம் என்ன ஆச்சு?

அன்புடன்,
உன் ரங்கூன் நண்பன்